ஈசானிய மூலை

ஐப்பசி 1, சனி

இந்த டைரி என் மகன் சங்கரலிங்கத்தின் மருந்துக்கடைக்கு ஏதோ மாத்திரைக் கம்பெனிக்காரன் கொடுத்தது. தையில் வந்த டைரி எனக்கு ஐப்பசியில் வந்து சேர்ந்திருக்கிறது. இருக்கட்டும். முன்பக்கங்களில் மருமகள் சுகந்தி புள்ளிக்கோலம் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒன்றுகூட நேராக வரவில்லை.

"ஆச்சி, சும்மாதான இருக்க, எதாவது எழுதேன்" என்று பேத்தி அபிராமிதான் கொண்டுவந்து தந்தாள். நான் சும்மா இருக்கிறேன் என்று இவளுக்கு யார் சொன்னது? இன்றைக்கு மட்டும் முறுக்குக்கு மாவு சலித்தேன், விளக்கு எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன், பழைய சேலையைக் கிழித்துக் கைப்பிடித் துணி தைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்கு எனக்குத்தான் பரிசு. சோப்புப் பெட்டி கொடுத்தார்கள். மூடி இன்னும் இருக்கிறது.

மத்தியானம் நல்ல மழை. கட்டிலில் சாய்ந்தபோது நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. பல்லி என்று நினைத்துத் துடைத்தேன். பல்லி இல்லை.

ஐப்பசி 2, ஞாயிறு

நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

எங்களுடையது தெற்குப் பார்த்த வீடு. கீழே வாசல் ஓரத்து அறை என்னுடையது. என் வீட்டுக்காரர் இருக்கும்போது கட்டியது. அவர் போனதும் அந்த அறையில்தான். அதன் சாவி மட்டும் இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே முன்பு திறந்த மொட்டைத்தளம். அவர் சைக்கிள் கடையை மத்தியானத்தோடு அடைத்துவிட்டு வந்து, கொத்தனார் பக்கத்திலேயே நின்று போட வைத்த தளம். எத்தனை மழைக்கும் ஒரு சொட்டு விட்டதில்லை. போன தையில் அதைத்தான் பால்கனி ஆக்கினார்கள். கம்பி வைத்து, மேலே பாதி மறைத்து, தரைக்கு டைல்ஸ் ஒட்டி. எல்லாம் சுகந்தியின் அப்பா செய்த சீர். குற்றாலிங்கம் என்று பெயர். தென்காசிப் பக்கம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் இந்த வீட்டில் அவருக்குத் தாசில்தார் என்றுதான் பெயர்.

சுகந்தி வந்து என் கூரையைப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க தெனம் மேல துளசிக்கு ஊத்துதீங்கல்லா, அந்தத் தண்ணிதான் இறங்குது."

"நான் ஊத்துதது ஒரு செம்பு. வானம் ஊத்துதது எவ்வளவுன்னு அதையும் போய்க் கேளு."

அவள் ஒன்றும் சொல்லாமல் போனாள். அடுப்படியில் ஏனங்கள் சொல்லின.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. காலையிலேயே தாசில்தார் காரில் வந்து இறங்கினார். இரண்டு முழங்காலும் போய்விட்டது. படி ஏற முடியவில்லை. பாவம், சம்பந்தி அம்மாள் போனதிலிருந்து ஆளே இளைத்துவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே தலையை நீட்டி என் அறையைப் பார்த்தார்.

"மதினி, இந்த வீட்ல தண்ணி ஈசானியத்துல ஓடுது. வடகெழக்கு. நான்தான நின்னு பாத்துப் போட்டேன்? அங்ஙன ஓடுனா வீட்டுக்கு லட்சுமி. ஒழுகுததுக்கு வழியே இல்ல."

"அப்ப என் நெத்தில விழுந்தது லட்சுமிதானா அண்ணாச்சி?"

அபிராமி சிரித்துவிட்டாள். சுகந்தி அவளை முறைத்தாள்.

அவர் சொல்கிற ஈசானிய மூலை எது என்று எனக்குத் தெரியும். தெற்குப் பார்த்த வீட்டுக்குப் பால்கனியின் வெளி ஓரம் தெற்கு. வடகிழக்கு என்றால் உள்ளே, வீட்டுச் சுவர் ஓரம், கதவு நிலைப்படிக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரர் கட்டிய தளத்தில் மழைத்தண்ணீர் தெற்கே ஓடித் தெருப்பக்கக் குழாய் வழியாக விழும். தெற்கே தண்ணீர் போனால் எமனுக்குப் போன மாதிரி என்று தாசில்தார் அந்தக் குழாயை அடைக்கச் சொல்லி, வாட்டத்தை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். மூலையில் கிழக்குச் சுவரில் ஒரு ஓட்டை. அதற்கு முன்னால் ஒரு தாமரைப்பூ டைல்ஸ், விசேஷமாகச் சொல்லி வாங்கியது.

பால் காய்ச்சிய அன்றைக்குக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் ஓடி வந்து தாமரைப்பூ மேல் நின்றது. ஓட்டை ஒரு விரல் உயரத்தில் இருந்தது. எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முறுக்கு நன்றாக வந்தது. தாசில்தாருக்குக் கடிக்க முடியவில்லை.

ஐப்பசி 5, புதன்

கட்டிலை இழுத்துப் போட்டு, பித்தளைச் சருவத்தை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு முறை நிறைந்தது.

ஐப்பசி 8, சனி

துளசித் தொட்டியைக் கீழே இறக்கிவிட்டார்கள். என்னிடம் சொல்லவில்லை. காலையில் செம்போடு மேலே போனேன், தொட்டி இருந்த இடத்தில் வட்டமாகக் கறைதான் இருந்தது. துளசி இப்போது தெருவில், சங்கரலிங்கத்தின் வண்டி பக்கத்தில். வண்டி எடுக்கும்போது புகை முழுக்க அதன் மேல்தான்.

ஒழுகுவது நிற்கவில்லை. இப்போது துளசியைக் குறை சொல்ல ஆளைக் காணோம்.

ஐப்பசி 11, செவ்வாய்

டைல்ஸ் ஒட்டிய கொத்தனார் சுடலைமணி வந்தான். மேலே போய் நடந்து பார்த்தான், குனிந்து தட்டிப் பார்த்தான். பிறகு கீழே வந்து டீயை வாங்கிக்கொண்டு என் கூரையைப் பார்த்தான்.

"டைல்ஸ் இடுக்குல இறங்குது ஆச்சி. வெள்ளை சிமெண்ட் வச்சு அடைச்சா சரியாப் போவும்."

"ஏல சுடலை, மேல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

அவன் டீயைப் பார்த்தான்.

"தாசில்தாரு ஐயா சொன்ன பக்கந்தான் ஓடுது ஆச்சி."

"அது சரியான பக்கமா?"

"ஐயா புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டுல்லா சொன்னாக. நம்ம என்னத்தக் கண்டோம்."

இடுக்கெல்லாம் வெள்ளை பூசிவிட்டுப் போனான். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

ஐப்பசி 14, வெள்ளி

மழை. வெள்ளை சிமெண்டும் பார்த்தது, நானும் பார்த்தேன். சருவம் போதாமல் குண்டானும் வைத்தேன். சுவரில் உப்புப் பூத்து, கை வைத்தால் மாவு மாதிரி உதிர்கிறது. அவர் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். முகத்தில் ஈரம் ஏறிவிட்டது.

சங்கரலிங்கம் கடையை அடைத்துவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். ஏதோ சொல்லத்தான் நிற்கிறான் என்று தெரிந்தது. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்.

"யம்மா, ரூம் காயுத வரைக்கும் தூத்துக்குடில வடிவு வீட்ல போய் இருந்துட்டு வாயேன்."

"கார்த்திகைல மழை, மார்கழில பனி. எப்பல காயும்?"

"எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சா அடைச்சுரலாம். தெரியலயே. இந்த ஈரத்துல உன்ன எப்படிப் படுக்க வைக்கிறது?"

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நீ யாம் போகணும்? இங்ஙனயே இரு."

சொன்னது அவன் வாய். நான் கேட்டேன். சாமி படமும் கேட்டது.

ஐப்பசி 15, சனி

வடிவு என் ஒரே மகள். போனில் கூப்பிட்டாள். "வாம்மா, ஹால்ல டி.வி.க்குக் கீழ எடம் போட்டுத் தாரேன்" என்றாள். வாடகை வீடு, இரண்டே அறை. மாப்பிள்ளை உப்பளத்து வேலை, விடிவதற்குள் கிளம்புகிறவர். என் மகள் வீட்டில் எனக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே அறை என்னுடையது. ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சாவி. டி.வி.க்குக் கீழே சாவியை எங்கே சொருகுவது?

சுகந்தி இன்று அலமாரி வரைக்கும் வந்து நின்று, "மெத்தைக்கட்டில் போட்டா இந்தச் செவுத்தோரம் சரியா இருக்கும்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கு மெத்தை ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி 19, புதன்

அடைமழை. சுகந்தி குளிக்கப் போன நேரம் பார்த்துக் குடையோடு மேலே ஏறினேன். நினைத்ததுதான். தாமரைப்பூ மேல் கால்விரல் நனையத் தண்ணீர். ஓட்டை வறண்டு கிடந்து வேடிக்கை பார்க்கிறது. தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, நிலைப்படிக்குக் கீழே ஒரு வெடிப்பு, அதைக் குடிக்கிற மாதிரி குடித்துக்கொண்டிருந்தது.

சுகந்தியிடம் சொன்னேன். "அத்தை, வழுக்கி விழுந்தா யாரு பாக்கிறது?" என்றாள். நான் சொன்னதற்கு இது பதிலா?

வாயால் சொன்னால் ஏறாது. காட்டவேண்டும்.

ஐப்பசி 22, சனி

இன்று வெயில். மேலே தரை நன்றாகக் காய்ந்திருந்தது. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். இருக்கவேண்டும் என்றுதான் இந்த நாளை எடுத்தேன். இரண்டு கை நிறைய மஞ்சள்பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அபிராமியைத் தூக்கச் சொல்லி, தாமரைப்பூ மேல் மெதுவாகச் சாய்த்தேன். ஓட்டை வழியே ஒரு துளி போகவில்லை. முழுக்க அந்த வெடிப்புக்குள்தான்.

கீழே வந்து கட்டிலைச் சொட்டு விழுகிற இடத்துக்கு இழுத்து, அதில் அவருடைய வெள்ளை வேட்டியை விரித்து, சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "எனக்குக் கடைக்கு நேரமாச்சும்மா" என்றான். "உக்காருல" என்றேன். சாதம் வடித்து, குழம்பு இறக்கும் நேரம் ஆகியிருக்கும். முதல் சொட்டு விழுந்தது.

மஞ்சளாக இல்லை. சிவப்பு. குங்குமச் சிவப்பு.

சுகந்தி வாசலில் நின்று அலறிவிட்டாள். "ரத்தம்! யாத்தே, ரத்தம் சொட்டுது!"

"ஏட்டி, மஞ்சத்தண்ணி சுண்ணாம்புத் தளத்துல இறங்குனா எப்படி வரும்? நீ ஆரத்தி கரைச்சதே இல்லையா? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா சிவக்கும்லா!"

சங்கரலிங்கம் வேட்டியைத் தொட்டுப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். "ஆமாம்மா. மேல ஊத்துனதுதான். மூலைலதான் இறங்குது" என்றான். இதை அவன் சொன்னான். அபிராமி சாட்சி.

அதற்குள் சுகந்தி அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். தாசில்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மதினி, ஒண்ணு கேக்கேன். ஆரத்தியச் சுத்திட்டு எங்க ஊத்துவாக?"

"தெருவுல."

"வீட்டுக்குள்ள ஊத்துவாகளா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார்.

"திருஷ்டி எல்லாம் கழிஞ்ச தண்ணி அது. அதப் போய் வீட்டுக்குள்ள, அதுவும் கட்டில்ல சொட்ட விட்டிருக்கிய. வயசுப் பிள்ள இருக்குத வீடு. அபிராமிக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

நான் திருஷ்டி கழிக்கவில்லை, ஒழுகலைத்தான் காட்டினேன். அதைச் சொல்லுமுன் எல்லோரும் தரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுகந்தி உப்பு எடுத்துச் சுற்றினாள். எனக்கு இல்லை, அறைக்கு.

வேட்டியில் கறை போகவில்லை.

ஐப்பசி 25, செவ்வாய்

சங்கரலிங்கம்: "ஈசானியத்த இப்ப இடிக்கக் கூடாதுன்னு மாமா சொல்லுதாக. வரன் அமையட்டும்னுதாக. அதுவரைக்கும் உன் ரூம்ல கீழ ஒரு பிளாஸ்டிக் சீலிங் அடிச்சுருவோம்."

நான்: "ஒழுகுத தண்ணி எங்க போவும்?"

"சீலிங்குக்கு மேல நிக்கும்."

"நின்னு?"

அவன் கடைச்சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "நீ பாட்டுக்கு வடிவு வீட்ல இருக்கும்போது இந்த வேலையெல்லாம் முடிஞ்சிரும்மா."

"தெரிஞ்சா போகவேண்டாம்னு சொன்னேல்லா?"

"அது அப்ப சொன்னதும்மா."

ஐப்பசி 28, வெள்ளி

ஒன்றும் இல்லை. இட்லிக்கு அரைத்தேன்.

கார்த்திகை 4, வியாழன்

தென்காசியில் தாசில்தாரின் தம்பி மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு நேற்றே போய்விட்டார்கள். "வீட்டப் பாத்துக்க ஆள் வேணும்லா அத்தை" என்றாள் சுகந்தி. வீடு எங்கும் ஓடிப் போவதில்லை. ஆனாலும் சரி என்றேன்.

அவருடைய சைக்கிள் கடைச் சாமான் பெட்டி என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. சுத்தியல் பிடி கொஞ்சம் ஆடியது, தண்ணீரில் ஊறப் போட்டேன். அம்மி கொத்துகிற உளியும் இருந்தது. நான் அம்மியைப் பிறத்தியாரிடம் கொத்தக் கொடுத்தவள் இல்லை.

காலைப் பலகாரம் முடித்து மேலே போனேன். உட்கார்ந்த வாக்கில் அந்த ஓட்டையின் அடிவிளிம்பைக் கொத்தினேன். சிமெண்ட் லேசில் விடவில்லை. விளிம்பை இறக்கவேண்டும் என்றால் தாமரைப்பூவை எடுக்காமல் முடியாது. எடுத்தேன். நடுவில் ஒரு போடு. நான்காகப் பிளந்தது. பிறகு சுலபம். தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கும் கீழே ஓட்டையை இறக்கி, பள்ளத்தைச் சிமெண்ட் வைத்து வழித்தேன். சிமெண்ட் சுடலைமணி மிச்சம் வைத்துப் போனது. நிலைப்படி வெடிப்பையும் அடைத்துக் கட்டைவிரலால் இழுத்துவிட்டேன். நடுவில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன மைனி, இந்த வயசுல?" என்றாள். "உங்க வீட்லயும் ஒழுகினா சொல்லுங்க" என்றேன்.

எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பசியால் இருக்கும்.

கார்த்திகை 6, சனி

சாயங்காலம் வரை கொட்டித் தீர்த்தது. சருவம் காலி. கிழக்குச் சந்தில் ஓட்டை வழியே தண்ணீர் கம்பியாக விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுவிட்டேன். அவர் படத்தையும் மாட்டினேன்.

கார்த்திகை 7, ஞாயிறு

வந்துவிட்டார்கள். தாசில்தாரும் கூடவே வந்திருக்கிறார், ஒரு பெரிய பெட்டியோடு. கல்யாண வீட்டிலிருந்து வருகிறவருக்கு இத்தனை பெரிய பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மேலே போன சுகந்தி, தாமரைப்பூத் துண்டுகளை முந்தானையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அப்பாவிடம் காட்டினாள். அவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கண் கலங்கியது. "இது அவ ஆசப்பட்டு எடுத்தது. போறதுக்கு முந்தின மாசம்" என்றார். சம்பந்தி அம்மாளைச் சொல்கிறார். அது எனக்குத் தெரியாது. சொன்னால்தானே தெரியும்.

சங்கரலிங்கம் என் முன்னால் வந்து நின்றான். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான்.

"யாரக் கேட்டும்மா ஒடச்ச?"

"ஒழுகல்ல, பாரு" என்றேன்.

"நான் கேட்டது அதில்ல. யாரக் கேட்ட?"

நாற்பத்தாறு வயது. அவன் அப்பா குரல் அப்படியே வருகிறது.

கார்த்திகை 8, திங்கள்

அபிராமி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். காய்ந்த சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"சூப்பர் ஆச்சி நீ. ஒரு சொட்டு இல்ல." பிறகு, "ஆச்சி, ஓட்டை ஒசரமா இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"பால் காய்ச்சுன அன்னைக்கே."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? சிமெண்ட் ஈரமாத்தான இருந்துச்சு. சுடலை மாமாகூட அங்ஙனதான சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக."

என்னைக் கேட்டார்களா என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதை எப்போது கேட்பது என்று தெரியவில்லை. தலை பின்னிவிடுகிறேன் என்று உட்கார வைத்தேன்.

கார்த்திகை 17, புதன்

திருக்கார்த்திகை. பால்கனி முழுக்க அகல் வைத்தார்கள். மூலையில் நான் பூசிய இடத்திலும் ஒன்று. கீழே நின்று பார்த்தேன். தாசில்தார் ஹாலில் சோபாவில் படுக்கிறார். எழுந்திருக்க மூன்று பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருமல் வேறு. பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆனால் அதற்கு நான் என்ன செய்ய?

சங்கரலிங்கம், "ஞாயித்துக்கிழம வண்டி சொல்லியிருக்கேன்மா" என்றான். மழை விட்டு நாளாயிற்று. அறை காய்ந்துவிட்டது. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

கார்த்திகை 21, ஞாயிறு

ஒரு பெட்டி, அவர் படம், சோப்புப் பெட்டி மூடி. சருவத்தை வைத்துவிட்டுப் போகிறேன், அங்கே தேவைப்படாது. சாவியை யாரும் கேட்கவில்லை. நானாக ஆணியில் மாட்டினேன். கேட்டு வாங்குகிற நிலைமையை அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது.

மார்கழி 6, ஞாயிறு, தூத்துக்குடி

இங்கே உப்புக்காற்று. துணி காய்ந்தும் காயாத மாதிரி இருக்கிறது. வடிவு நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். டி.வி. பத்து மணி வரை.

அபிராமி போன் செய்தாள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்களாம். அடித்த மறுநாள், மஞ்சள் இறங்கின இடம் மறுபடியும் சிவந்துவிட்டதாம். இன்னொரு பூச்சு அடித்தார்களாம், இன்னும் சிவந்ததாம்.

"கட்டில் எங்க கெடக்கு?" என்றேன்.

"ஒன் எடத்துலதான் ஆச்சி. மெத்தைக் கட்டில்."

"நேத்து அங்க மழைன்னு சொன்னாங்களே. ஒழுகிச்சா?"

"இல்ல ஆச்சி, ஒரு சொட்டு இல்ல. தாத்தா நல்லாத் தூங்குதாக."

வேலையைச் சுத்தமாகச் செய்தால் அப்படித்தான் என்றேன்.